கழுத்து வாரம், பதினோராம் ஆண்டு

மனிதனுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதை அரசாங்கம் கண்டுபிடித்துப் பதினோரு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் சனங்கள் அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். கண்டுபிடித்த கையோடு கழுத்துப் பாதுகாப்பு விழிப்புணர்வு இயக்ககம் என்று ஒன்றைத் திறந்து, ஒரு இயக்குநர், மூன்று துணை இயக்குநர்கள், பதினாறு கண்காணிப்பாளர்கள் என்று ஆளைப் போட்டு, லிஃப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடமும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படிக்கட்டில் உருண்டு விழுந்தவர்கள் உண்டு. ஆனால் அத்தனை பேருக்கும் இடுப்பில்தான் அடி. இடுப்பு வேறு இயக்ககம்.

வருடத்துக்கு ஒரு வாரம் கழுத்து வாரம். கடைசி நாள் பெரிய மண்டபத்தில் விழா. முதல் வருடத்திலிருந்து அந்த விழாவுக்கு மைக் செட் போடுகிறவர் ஒரே ஆள்தான். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, "மைக் செட்டு" என்றால் திரும்பிப் பார்ப்பார். விழாவில் மற்றவர்கள் தூங்கலாம், போன் பார்க்கலாம், பக்கத்துச் சீட்டுக்காரரிடம் வீட்டுக் கதை பேசலாம். இவருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பேச்சையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கேட்டாக வேண்டும். உள்ளதைச் சொன்னால், அந்த இயக்ககம் பதினோரு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்ற ஊட்டிய விழிப்புணர்வு மொத்தமும் போய்ச் சேர்ந்தது இந்த ஒரு மனிதரிடம்தான்.

கழுத்தில் அடிபட்டவரைத் தூக்காதே. உட்கார வைக்காதே. வாயில் தண்ணீர் ஊற்றாதே. விழுந்தது விழுந்தபடியே இருக்கட்டும், தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள், உதவி வரும்வரை விடாதே. மொத்த விஷயமே இவ்வளவுதான். இதற்குத்தான் நாலு மாடி.

அன்று காலையில் கிளம்பும்போதே மைக் செட்காரரின் மனைவி வாசலில் நின்று சொல்லித்தான் அனுப்பினாள். கூடமாட ஒத்தாசைக்கு அவளுடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அப்புறம் மச்சான் மாப்பிள்ளை ஆனவர்கள். மச்சான் நல்ல கனத்த உடம்பு, நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். "எங்கண்ணன மேல ஏத்தாதீங்க. அவனுக்கு முக்காலி மேல நின்னாலே தலை சுத்தும்" என்றாள். ஏற்ற மாட்டேன் என்று இவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இவர் ஏற்றவில்லை. ஏற்றியது விழாப் பொறுப்பிலிருந்த துணை இயக்குநர். மேடைக்கு மேலே கட்டிய பேனரில் தலைவர் படத்தின் நெற்றியை மின்விசிறி மறைக்கிறதாம், ஒரே ஒரு அடி உயர்த்திக் கட்டவேண்டுமாம். தலைவர் என்றால் அன்றைய சிறப்பு விருந்தினர், இயக்ககத்தின் கௌரவத் தலைவர். ஏணியைக் கேட்டால் ஏணி நிர்வாகப் பிரிவில் பூட்டிக் கிடக்கிறது என்றார்கள். சரியென்று மேஜையைப் போட்டு, மேஜைமேல் நாற்காலியைப் போட்டு, நாற்காலிமேல் மச்சானைப் போட்டார் துணை இயக்குநர். மைக் செட்காரர் அப்போது மண்டபத்தின் பின்பக்கம் வயர் இழுத்துக்கொண்டிருந்தார். "உங்கள் கழுத்து உங்கள் கையில்" என்ற பேனரின் இடது மூலையைப் பிடித்தபடி மச்சான் மேலேயிருந்து விழுந்தபோது மணி பத்து பத்து.

முன்கூட்டியே பஸ்ஸில் கொண்டுவந்து உட்காரவைத்திருந்த ஐந்நூறு பேர், செவிலியர் பயிற்சி மாணவிகளும் பல அலுவலகத்து ஊழியர்களும், செயல்விளக்கம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நன்றாகக் கை தட்டினார்கள்.

மைக் செட்காரர் வயரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மச்சான் மல்லாக்கக் கிடந்தார், கண் திறந்திருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. பதினோரு வருடத்துப் பேச்சும் ஹெட்போனுக்குள் கேட்பதுபோல் கேட்டது. தலைமாட்டில் முட்டிபோட்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, மச்சானின் தலையை இரண்டு பக்கமும் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், தலைய ஆட்டாத. ஆமான்னா கூட வாயால சொல்லு, தலையால சொல்லாத. எங்க வலிக்குது?"

"பிடரியில மாப்ள. இடது கை மரத்துப்போச்சு. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "அவகிட்ட சொல்லிடாத" என்றார். காலையில் வாசலில் நின்று சொல்லி அனுப்பியவளைத்தான் சொல்கிறார் என்று இவருக்குத் தெரியும்.

இடது கை என்றதும் மைக் செட்காரர் முழங்கையை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டார். எறும்பு ஊர்வது பற்றி ஆறாம் வருடத்துப் பேச்சில் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நிலையில் தலையை ஒரு விரற்கடை தப்பாக அசைத்தால் கை போகும், கால் போகும், அதற்கு மேலும் போகும்.

துணை இயக்குநர் வந்தார். அவர் கையில் நிகழ்ச்சி நிரல். அதை ஒரு தடவை பார்த்தார், தரையில் கிடந்தவரை ஒரு தடவை பார்த்தார். நிரல்படி நோயாளி விழுவது பதினொன்று நாற்பதுக்கு. அதுவும் இவர் அல்ல, கணக்குப் பிரிவு எழுத்தர். பத்து பத்துக்கு நிரலில் இருப்பது வரவேற்பு இசை. "நிரல்ல இல்லாதத நான் எப்படிங்க அனுமதிக்கிறது?" என்று நியாயமாகவே கேட்டார்.

மைக் செட்காரர் ஆம்புலன்ஸ் கேட்டார். ஆம்புலன்ஸ் இருந்தது. மண்டபத்து வாசலிலேயே புத்தம் புதிதாக நின்றது, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி. தலைவர் வந்து வெட்டுகிறவரைக்கும் அது வண்டியே கிடையாது என்று துணை இயக்குநர் பொறுமையாக விளக்கினார். கழுத்துப்பட்டை கேட்டதற்கு, அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் திறப்பு விழாவுக்குக் காத்திருக்கிறது என்றார். யாரோ ஒரு புண்ணியவான் தன் காரில் பின்சீட்டில் போட்டுக்கொண்டு போகலாம் என்று முன்வந்தார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். மைக் செட்காரர் இரண்டு பேரையும் வேண்டாம் என்று கெஞ்சித் திருப்பி அனுப்பினார். உதவி செய்ய வருகிறவர்களை விரட்டியடிக்கிற ஆள் என்று அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

சுற்றிலும் மஞ்சள் பேட்ஜ் குத்திய தொண்டர்கள் இருபது பேர் நின்றார்கள். மூன்று மாதம் பயிற்சி எடுத்தவர்கள். பயிற்சி முடிந்ததற்கான சான்றிதழ் விழா முடிவில்தான் தருவார்கள், அதுவரை தொடக்கூடாது என்று உத்தரவு. ஆகவே எல்லாரும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சத்தத்தில் மேடைக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். தலையில் கட்டு, கன்னத்தில் சிவப்பு மை. கணக்குப் பிரிவு எழுத்தர், அதாவது நிரலில் இருக்கிற நோயாளி. மூன்று வாரமாக வீட்டுக் கூடத்தில் விழுந்து விழுந்து ஒத்திகை பார்த்த மனிதர். தன் இடத்தில் வேறொருவர் படுத்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் கிட்டே வந்து மச்சானின் கண்ணைப் பார்த்தவுடன், "ஐயோ, நிஜமாவா?" என்றார். அந்த மண்டபத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"என் சட்டைப் பையில போன் இருக்கு, எடுத்துக் கூப்பிடுங்க சார்" என்றார் மைக் செட்காரர். எந்த எண்ணுக்கு என்றால், அந்த ஊரில் எந்த அவசர எண்ணைக் கூப்பிட்டாலும் கழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும் இயக்ககத்தின் உதவி மையத்துக்கே திருப்பிவிடுவார்கள், அது விதி. எழுத்தர் எண்ணை அழுத்திப் போனை இவர் காதில் வைத்தார். இவர் கழுத்து என்றதும், மேடையின் ஓரத்தில், பத்தடி தள்ளி, காட்சிக்கு வைத்திருந்த உதவி மையத்து மேஜைமேல் சிவப்பு டெலிபோன் மணியடித்தது. அங்கே உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் திடுக்கிட்டுப்போய், சட்டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

"அசையேன், வணக்கம். கழுத்து உதவி மையம்."

"சார், நான்தான் சார். மைக் செட்டு. உங்க முன்னாடிதான் இருக்கேன்."

கண்காணிப்பாளர் நிமிர்ந்து இவரை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, "சம்பவம் நடந்த இடம் சொல்லுங்க" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கற மண்டபம்தான் சார்."

"நான் உக்காந்திருக்கற எடத்த நான் எழுத முடியாதுங்க. நீங்கதான் சொல்லணும். முழு முகவரி."

மைக் செட்காரர் கதவு எண், தெரு, வட்டம் எல்லாம் சொன்னார். பக்கத்தில் ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டபோது, உங்கள் மேஜைதான் சார் என்றார். அதையும் எழுதிக்கொண்டார் கண்காணிப்பாளர். பிறகு ஒரு அட்டையை எடுத்து, கழுத்தில் அடிபட்டவரை அசைக்கவேண்டாம், உதவி வரும்வரை தலையைப் பிடித்துக்கொள்ளவும் என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். புகார் எண் ஒன்று என்றார். பதினோரு வருடத்தில் அந்த மையத்துக்கு வந்த முதல் அழைப்பு அது. ரிசீவரை வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் கை குலுக்கினார். புகார் முறைப்படி ஆம்புலன்ஸ் பிரிவுக்குப் போயிற்று. ஆம்புலன்ஸ் பிரிவுக்குப் பொறுப்பு இதே துணை இயக்குநர். அவர் புகார் பார்ப்பது திங்கட்கிழமைகளில்.

பத்து ஐம்பதுக்குத் தலைவர் வந்துவிட்டார். மண்டபமே எழுந்து நின்று பிடரியில் கை வைத்து "அசையேன்" என்றது. தலைவரும் தம் பிடரியில் கை வைத்து "அசையவிடேன்" என்றார். இதுதான் அந்த இயக்ககத்தில் வணக்கம் சொல்கிற முறை. தலைவர் ரிப்பன் வெட்டப் போவார் என்று மைக் செட்காரர் வாசலையே பார்த்தார். நிரல்படி முதலில் பேருரை, ரிப்பன் பிறகு. தலைவர் மைக்கைப் பிடித்தார். மைக் ஊளையிட்டது. ஸ்பீக்கர் நான்கும் சேர்ந்து ஊளையிட்டன. தலைவர் தள்ளிப் பிடித்தார், அதற்கும் ஊளை.

துணை இயக்குநர் அலறியடித்துக்கொண்டு வந்து மைக் செட்காரர் பக்கத்தில் குந்தினார். இரண்டே நிமிடம் வந்து சரிசெய்துவிட்டுத் திரும்பிவந்து பிடித்துக்கொள்ளலாமே, தலை எங்கே ஓடிவிடப்போகிறது என்றார். அப்போதுதான் மைக் செட்காரருக்குத் தம்மிடமும் ஒரு பிடி இருக்கிறது என்பது உறைத்தது.

"எந்தத் திருகைத் திருப்பணும்னு எனக்குத்தான் தெரியும் சார். வண்டிய அனுப்புங்க, சொல்றேன்" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. துணை இயக்குநர் ரிப்பனைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், வியர்வையைத் துடைத்தார். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் இறங்கி வந்திருப்பார். அதற்குள் கீழேயிருந்து மச்சானின் குரல் கேட்டது.

"இடது பக்கம் மூணாவது திருகு சார். பாதிக்குக் கொறைங்க. மாப்ள, கோவிச்சுக்காத, அந்தக் கூச்சல் மண்டைக்குள்ள எறங்குது."

ஊளை நின்றது. மைக் செட்காரருக்கு இருந்த ஒரே பிடியும் போயிற்று. கோபிக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. மச்சானின் நெற்றி வியர்வையைத் துடைக்கக்கூட ஒரு கை மிச்சம் இல்லை. எழுத்தர்தான் தம் தலைக்கட்டைக் கொஞ்சம் அவிழ்த்து அதன் நுனியால் துடைத்துவிட்டார்.

தலைவர் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கழுத்து இருப்பதுபோல அரசுக்கும் மக்களுக்கும் நடுவில் இந்த இயக்ககம் இருக்கிறது என்றார். எதுவும் மேலேயிருந்து கீழே போகாமலும் கீழேயிருந்து மேலே வராமலும் பார்த்துக்கொள்வதில் இயக்ககம் காட்டும் அக்கறையைப் பாராட்டினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"போன வருஷம் நாப்பதாயிரம் துண்டுப் பிரசுரம் அடிச்சோம். அதுல கீழ ஒரு கட்டம் போட்டிருந்தோம். உங்கள் கழுத்து ஒடிந்திருந்தால் எங்களுக்கு எழுதித் தெரிவிக்கவும்னு. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் எழுதல. ஒருத்தர்! இதைவிட என்ன வெற்றி வேணும்? ஒடிஞ்சவனால எழுத முடியாதேன்னு சில பேர் விமரிசனம் பண்றாங்க. எழுதத் தெரியாதவங்களுக்காக ஒரு இயக்ககம் நடத்த முடியுமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மைக் செட்காரருக்கு முழங்கை எரிந்தது, தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. மச்சானோடு விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பழைய பெஞ்சு, வாத்தியாரிடம் வாங்கிய அடி. மச்சானின் பதில்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. எறும்பு இப்போது முழங்கைக்கு மேலே வந்துவிட்டது என்றார். மைக் செட்காரருக்கு அழுகை முட்டியது. அழுதால் கை நடுங்கும் என்று அதையும் விழுங்கிக்கொண்டார்.

அடுத்தது உறுதிமொழி. தலைவர் கையில் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி நேராக இவர்கள் பக்கம் வந்தார். இவ்வளவு தத்ரூபமான செயல்விளக்கத்தைத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லி, இவர்கள் பக்கத்திலேயே நின்று உறுதிமொழி எடுக்கப்போவதாக அறிவித்தார். உறுதிமொழிக்கு எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும். படுத்திருக்கிறவரும்தான். "எழுந்திரிப்பா, சும்மா எழுந்திரி" என்றார் தலைவர். துணை இயக்குநர் கண்ணைக் காட்ட, மஞ்சள் பேட்ஜ் இரண்டு பேர் குனிந்து மச்சானின் கக்கத்தில் கையைக் கொடுத்தார்கள். தலைவர் சொன்னபிறகு சான்றிதழ் எதற்கு?

"தொடாதீங்க" என்றார் மைக் செட்காரர். "தூக்குனா செத்துடுவாரு. தொடாதீங்க."

குனிந்து பார்த்த தலைவரின் கையிலிருந்த மைக் இப்போது இவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. குரல் நான்கு ஸ்பீக்கரிலும் கணீரென்று போயிற்று. காலையிலிருந்து மூன்று தடவை உறுதிமொழி ஒத்திகை பார்த்த ஐந்நூறு பேர், ஸ்பீக்கரில் வருவதைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பது தவிர வேறெதுவும் அறியாதவர்கள், இரண்டு கையையும் தங்கள் கழுத்தில் வைத்து, "தொடாதீங்க. தூக்குனா செத்துடுவாரு. தொடாதீங்க" என்றார்கள். குனிந்திருந்த மஞ்சள் பேட்ஜ்காரர்கள் சட்டென்று நிமிர்ந்து தங்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். துணை இயக்குநர் பிடித்துக்கொண்டார். தலைவர் மைக்கை நீட்டியபடியே மறுகையால் தம் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

தாம் பேசுகிறவரைக்கும் ஒருவர் கையும் மச்சான்மேல் படாது என்பது மைக் செட்காரருக்குப் புரிந்துவிட்டது. பேசினார். தண்ணீர் கொடுக்காதீர்கள் என்றார், மண்டபம் சொன்னது. உட்கார வைக்காதீர்கள் என்றார், அதையும் சொன்னது. பதினோரு வருடத்துச் சரக்கும் தீர்ந்தபிறகு, வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இவரு என் மச்சான்."

"இவரு என் மச்சான்" என்றது மண்டபம்.

"இவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"இவருக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"யாராவது வண்டிய அனுப்புங்க."

"யாராவது வண்டிய அனுப்புங்க" என்று ஐந்நூறு பேர் ஒரே குரலில், கண் கலங்க, கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். உறுதிமொழியின் நடுவில் நகரக்கூடாது என்பதால் யாரும் நகரவில்லை. மைக் செட்காரர் அதையே இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மண்டபமும் இரண்டு தடவை சொன்னது.

பதினொன்று நாற்பதுக்கு மணி அடித்தது. நிரல் நிரல்தானே. தலைவர் வாசலுக்குப் போய் ரிப்பனை வெட்டினார், கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். எழுத்தரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் மேடைமுன் படுக்கவைத்தார்கள். அவர் தம்மை விடும்படியும் அங்கே கிடக்கிறவரைத் தூக்கிப்போகும்படியும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வலியில் பிதற்றுவதாக அவர் பிரமாதமாக நடிக்கிறார் என்று கை தட்டினார்கள். கழுத்துப்பட்டை போட்டு, பலகையில் கிடத்தி, பட்டி போட்டுக் கட்டி, ஒரு குறை சொல்லமுடியாதபடி அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வண்டி சைரன் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. மைக் செட்காரர் தரையிலிருந்தபடியே அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி வந்துடுச்சா மாப்ள?" என்றார் மச்சான்.

"வந்துட்டே இருக்கு" என்றார். வேறென்ன சொல்வார், பாவம்.

மண்டபம் காலியாயிற்று. நாற்காலி அடுக்குகிறவர்கள் இவர்கள் இரண்டு பேரையும் சுற்றி நாற்காலி அடுக்கினார்கள். துணை இயக்குநர் போகிறபோக்கில் மைக் செட்டைச் சீக்கிரம் கழற்றும்படியும், மண்டபம் ஒரு மணிவரைக்கும்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சைரன் திரும்பிவந்தது. ஆஸ்பத்திரியில் எழுத்தரின் கன்னத்தைத் துடைத்துப் பார்த்த நர்ஸ் டிரைவரை வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறாள். எழுத்தர் நடந்ததைச் சொல்லவும், அவளே வண்டியில் ஏறிவிட்டாள். எழுத்தர் பட்டையைத் தம் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடிவந்தார்.

நர்ஸ் முட்டிபோட்டு, மைக் செட்காரர் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொடுத்தாள். "நான் புடிச்சுட்டேன், நீங்க விடுங்க" என்றாள். அவர் விடவில்லை. விட முடியவில்லை. விரல்கள் மரக்கட்டையாக இறுகிப்போயிருந்தன.

"விடு மாப்ள" என்றார் மச்சான், கண்ணை மூடிக்கொண்டே. "ரெண்டே முக்கா மணி நேரம் புடிச்சிருக்க. பத்தாதா?"

எழுத்தர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்.

ஆஸ்பத்திரி நடையில் மைக் செட்காரர் சுவரில் சாய்ந்து நின்றார். மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். காலையில் அவளிடம் தலையாட்டியது நினைவுக்கு வந்து அவர் குனிந்துகொண்டார். ஸ்கேன் பார்த்த டாக்டர் வெளியே வந்து, கழுத்தெலும்பில் விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் விலகவில்லை என்றார். யாராவது ஒரு தடவை தூக்கி உட்காரவைத்திருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார். பிறகு கதவைத் திறந்துவைத்து, மச்சானிடம் இடது கை விரலை அசைக்கச் சொன்னார். எல்லாரும் அந்த விரலையே பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சுட்டுவிரல் லேசாக எழும்பி விழுந்தது. மனைவி மைக் செட்காரர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. விறைத்த விரலால் தட்டுத்தடுமாறி எடுத்தார்.

"அசையேன், வணக்கம். கழுத்து உதவி மையம். புகார் எண் ஒண்ணுங்களா? கோப்பை முடிக்கணும், ரெண்டே கேள்வி. உதவி வந்து சேந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"நோயாளி அசைஞ்சாரா?"

"அசைஞ்சாரு சார்." என்றவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். "இடது கை விரல. இப்பத்தான். நானே பாத்தேன்."

மறுமுனையில் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"அசையக்கூடாதுன்னு அவ்வளவு தெளிவா வாசிச்சேனே சார். சரி, விதிமீறல்னு போட்டு முடிச்சுடறேன்."

"போட்டுக்குங்க சார்" என்றார் மைக் செட்காரர். திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தார். அங்கே கட்டிலில் மச்சான், யாரும் கேட்காமலே, இரண்டாவது தடவையாக விதியை மீறிக்கொண்டிருந்தார்.